மாநகரின் மீள்திறனும் சேரி மக்களின் வரலாறும்

இடுக்கண் வந்துற்றபோது அழியாதிருத்தல் மாந்தர்க்குரிய பெரும் பண்புகளுள் ஒன்றென நம் முன்னோர் கருதினர். திருக்குறளின் 63ஆம் அதிகாரம் ‘இடுக்கண் அழியாமை’ என்றே பெயர் பெற்றுள்ளது. தனி மனிதர்க்கு வள்ளுவர் வகுத்த அப்பண்பை ஒரு நகரத்திற்கும் உரியதாக்கிப் பேசுதல் அண்மைக் காலத்து வழக்கமாகும். வெள்ளமோ, வறட்சியோ, தீயோ, கொள்ளை நோயோ வந்து தாக்கும்போது சிதைந்துபோகாமல், அடிபட்டும் எழுந்து, தன் இயக்கத்தை மீட்டுக்கொள்ளும் நகரத்தின் ஆற்றலை நகரமைப்பு அறிஞர்கள் ‘மீள்திறன்’ என வழங்குகின்றனர்.

இக்கருத்து நகரமைப்புத் துறையில் பிறந்ததன்று. துள்ளிப் பின்வருதல் என்னும் பொருள் தரும் இலத்தீன் வேரினின்று தோன்றி, வளைத்து விட்ட கம்பி மீண்டும் நிமிரும் இயல்பைக் குறிக்கப் பொறியியலாரால் ஆளப்பட்டது. 1973ஆம் ஆண்டில் கனடா நாட்டு உயிரியல் அறிஞர் ஹோலிங் என்பார், காடு, ஏரி முதலிய இயற்கை அமைப்புகளை ஆராய்ந்து, அசையாது நிற்பது வேறு, அசைவுகளை ஏற்றுக்கொண்டும் அழியாது தொடர்வது வேறு என்று பிரித்துக் காட்டினார். அதன்பின் இச்சொல் பேரிடர் ஆய்விலும் நகரமைப்பிலும் இடம்பெற்று, இன்று அரசுத் திட்டங்கள்தோறும் ஒலிக்கின்றது.

ஒரு சொல் அதிகாரத்தின் வாயில் அடிக்கடி ஒலிக்கத் தொடங்கும்போது, அதன் பொருளை ஆராய்ந்து அறிவது கற்றவர் கடமை. நகரம் மீள்கிறது என்கின்றனர். மீள்வது எது? மீள்பவர் யாவர்? எந்த இடத்திற்கு மீள்கின்றனர்? இவ்வினாக்களைச் சென்னை மாநகரின் வரலாற்றின்முன் வைத்து விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு நகரத்தின் மீள்திறனுக்கு விலை கொடுத்தவர் யார் என்பதை அதன் சேரிகளின் வரலாறு தெளிவாகச் சொல்கிறது. நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் இவ்வரலாறு இடம்பெறுவது பொருத்தமே; ஏனெனில் இது பெரும்பாலும் நம் மக்களின் வரலாறு.

சேரி என்னும் சொல்

முதலில் ‘சேரி’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். சேர்ந்து வாழும் இடம் என்பதே அதன் பழம்பொருள். இழிவுப் பொருள் அதற்குத் தொடக்கத்தில் இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், பிராமணர் வாழ்ந்த அவ்வூர் 30 குடும்புகளாகவும் 12 சேரிகளாகவும் பகுக்கப்பட்டிருந்ததைத் தெரிவிக்கின்றன. பிராமணர் தெருவும் அன்று சேரிதான்.

முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலோ பறைச்சேரி, ஈழச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்னும் பெயர்கள் காணப்படுகின்றன. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு சேர்த்து, வரி நீக்கப்பட்ட நிலங்களின் வரிசையில் அவை எண்ணப்படுகின்றன. குடியிருக்கும் இடத்தாலேயே மக்களை வகுத்து வைக்கும் முறை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வேரூன்றிவிட்டது என்பதற்கு இது சான்று. ஊர் மேட்டில் இருந்தது. சேரி பள்ளத்தில் இருந்தது. மழை நீர் முதலில் புகுந்த இடமும், வடிவதற்கு இறுதி வரை காத்திருந்த இடமும் சேரியே. பிற்காலத்து நகரமைப்பாளர்கள் ‘இடர் மிகுந்த பகுதி’ என்று எவற்றை வரைபடத்தில் குறித்தார்களோ, அவற்றுள் பலவற்றை முன்பே சாதி குறித்து வைத்திருந்தது.

வாய்க்கால் வெட்டிய கைகள்

1639ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் குழுமத்தார் கடற்கரையில் ஒரு துண்டு நிலத்தைப் பெற்றுக் கோட்டை எழுப்பினர். பின்னர் எழும்பூர், புரசைவாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் முதலிய ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரத்துடன் இணைந்தன. ஊர்கள் வந்தபோது அவற்றின் சேரிகளும் உடன் வந்தன. ஆகவே, நகரத்திற்குப் பிழைக்க வந்து வழியோரம் குடிசை போட்டவரே சேரி மக்கள் என்று கூறுவது முழு உண்மையன்று. சேரிகள் பலவற்றை நோக்கி நகரமே வந்தது. ஆங்கிலேயர் ஆவணங்களில் ‘பறைச்சேரி’ என்னும் சொல் அவர்கள் நாவுக்கேற்பத் திரிந்து, மீண்டும் மீண்டும் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. தாது வருடப் பஞ்சம் என நம் பாட்டன்மார் சொல்லி அஞ்சிய பஞ்சம் அதுவே. நிலமற்ற கூலி மக்களே அதில் மிகுதியாக மடிந்தனர். அவர்களுள் பெரும்பகுதியினர் நம்மவர். நிவாரணப் பணிகளில் உடலுழைத்தவர்க்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியமும் ஓரணாவும் போதும் என்று, அரசப் பிரதிநிதி அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் 1877இல் விதித்தார். அவ்வளவு உண்டு கடும் உழைப்புச் செய்ய மனித உடலால் இயலாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் மறுத்துப் போராடினார்.

அப்பஞ்ச நிவாரணப் பணிகளுள் ஒன்றுதான் சென்னை நகரினூடே கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டப்பட்ட கால்வாய். ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பகுதி 1877-78இல் வெட்டி முடிக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கே எண்ணூர் நோக்கி வெட்டப்பட்டிருந்த பழைய கால்வாயுடன் அது இணைந்தது. அப்போதைய ஆளுநரின் பெயரால் முழுவதும் பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. மண் சுமந்தவர் பெயரை எக்கல்லிலும் காணோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, ஆந்திரக் கடற்கரையில் இக்கால்வாய் அலை நீரை ஏற்றுக்கொண்டு உள்நாட்டு மக்களைக் காத்தது என்று மறு ஆண்டே ஆய்வாளர் எழுதினர். மீள்திறன் என்று பிற்காலத்தார் போற்றும் ஒரு பேரமைப்பின் சென்னைப் பகுதியைப் பட்டினி கிடந்த கைகளே அகழ்ந்தன.

அக்கால்வாய்க்குச் சென்னையில் நேர்ந்தது என்ன? 1990களில் அதன் படுகையிலேயே தூண்கள் நிறுத்திப் பறக்கும் தொடர்வண்டிப் பாதை அமைத்தனர். 1995இல் கடற்கரை முதல் சேப்பாக்கம் வரையிலும், 1997இல் திருமயிலை வரையிலும் வண்டிகள் ஓடின. நீர் ஓடிய வழி குறுகியது. அரசின் தூண் நீர்வழியில் நின்றால் அது வளர்ச்சி. ஏழையின் குடிசை அதன் கரையில் நின்றால் அது ஆக்கிரமிப்பு! இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள தூரத்தை நம் இளைஞர்கள் அளந்து பார்க்க வேண்டும்.

ஏரி நகரானதும் குடிசை எரிந்ததும்

இந்நாட்டில் நகரமைப்பு ஒரு சட்டத்துறையாக உருப்பெற்றது 20ஆம் நூற்றாண்டில்தான். சென்னை நகரமைப்புச் சட்டம் 1920இல் நிறைவேறியது. நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த நெடிய ஏரியின் நீரை வடித்து, 1920களில் தியாகராய நகர் எழுப்பப்பட்டது. ஏரியின் வயிற்றில் அகன்ற தெருக்களும் பூங்காவும் மாளிகைகளும் தோன்றின. நீர்நிலையில் குடியேறியோர் என்று அவர்களை எவரும் வெளியேற்றவில்லை. திட்டம் தீட்டி ஏரியை மூடினால் அது நகரம் என்னும் வழக்கம் அன்றே நிலைபெற்றது.

அதே காலத்தில் நகரின் வடபகுதியில் வேறொரு காட்சி. 1921இல் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம்-கர்னாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் மூண்டபோது, தொழிலாளரிடையே சாதிப் பிளவு கனன்று, புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் தீக்கிரையாயின. எம்.சி. இராஜா அம்மக்களின் துயரைச் சட்டமன்றத்தில் எடுத்துரைத்தார். அந்நாளைய தலைவர்கள் நகரத்தைப் பற்றி அறியாதவர் அல்லர். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, தெரு, கிணறு, பொது அலுவலகம் ஆகியவற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் தடையின்றிச் செல்லவும் பயன்பெறவும் வழிசெய்தது. அத்தீர்மானத்தை நாம் சமூகச் சீர்திருத்தம் என்று மட்டும் படிக்கிறோம். அது நகரமைப்புத் தீர்மானமும் ஆகும். எத்துணை அகலமான சாலை போட்டாலும், அதில் நடக்க உரிமை இல்லாதவனுக்கு அது சாலை ஆகுமா?

இங்கு ஓர் அயல்நாட்டு அறிஞரையும் நினைவுகூர்தல் தகும். ஸ்காட்லாந்து நாட்டவரான பேட்ரிக் கெடிஸ், 1914இல் நகரமைப்புக் கண்காட்சி ஒன்றை இந்தியாவில் நடத்த வந்தார். அக்கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் மூழ்கடித்தது. எனினும் நண்பர்கள் உதவியால் புதிய பொருள்களைத் திரட்டி, 1915இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். பின்னர்ச் சென்னை மாகாணத்து ஊர்களைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். நெரிசல் மிகுந்த பகுதியை அடியோடு இடித்துத் தள்ளினால், வெளியேற்றப்படும் மக்கள் வேறோர் இடத்தில் இன்னும் நெருங்கி வாழ்வர். நோய் இடம் மாறுமேயன்றித் தீராது என்பது அவர் கண்ட உண்மை. வீடுவீடாகப் பார்த்து, இடித்தே தீர வேண்டியதை மட்டும் இடித்து, கிணற்றையும் மரத்தையும் மக்களையும் காக்கும் முறையை அவர் பரிந்துரைத்தார். தஞ்சை பற்றிய தம் அறிக்கையில் அம்முறையைக் காத்துச் செய்யும் அறுவை மருத்துவம் என்று வருணித்தார். நூறாண்டுகளுக்கு மேலாகியும் அப்பாடத்தை நம் நகரங்கள் கற்கவில்லை.

மாடி வீடுகளும் மனைப்பட்டாவும்

விடுதலைக்குப் பின்னும் குடிசைகள் பெருகின. கிராமத்தின் குறுகிய மனப்பான்மையையும் சாதிக் கொடுமையையும் அண்ணல் அம்பேத்கர் 1948ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் கடுமையாகக் கண்டித்துப் பேசினார். அக்கொடுமைக்கு அஞ்சியும் வயிற்றுப் பிழைப்பை நாடியும் நம்மவர் நகரத்திற்கு வந்தனர். வந்தவர்க்குக் கிடைத்த இடம் ஆற்றங்கரையும் கால்வாய்க் கரையும் இருப்புப்பாதை ஓரமும்தான். கோடையில் தீயும் மழைக்காலத்தில் வெள்ளமும் அவர்களைத் தேடி வந்தன.

1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தோன்றியது. முதலமைச்சர் மு. கருணாநிதி தலைமையில் அமைந்த அரசு, ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்பதனை அதன் முழக்கமாக்கியது. 1971இல் எடுத்த கணக்கின்படி சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகளில் ஏறத்தாழ 1,64,000 குடும்பங்கள் வாழ்ந்தன. பல இடங்களில் குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. அவ்வீடுகள் சிறியவை, பல பின்னாளில் பழுதுற்றன. எனினும், மக்கள் தாம் வாழ்ந்த மண்ணிலேயே, தம் தொழிலுக்கும் பள்ளிக்கும் அருகிலேயே தங்கினர். இதன் பெருமையைக் குறைத்து மதிப்பிடலாகாது.

1977இல் உலக வங்கியின் கடனுதவியுடன் சென்னை நகர வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனையும் அடிப்படை வசதியும் அளிக்கப்பட்டன. பல குடிசைப் பகுதிகளில் தெரு, குழாய், கழிப்பிடம், விளக்கு ஆகியவை அமைத்து, குடியிருந்தவர்க்கே தவணை முறையில் மனை உரிமை வழங்கும் முறையும் நடைமுறைக்கு வந்தது. இதில் ஓர் உண்மை வெளிப்பட்டது. நாளை இடிக்கப்படுவோம் என்று அஞ்சுபவன் ஓலையால் கூரை வேய்வான். மனை தனதென்று அறிந்தவன் சிறுகச் சிறுகச் செங்கல் சேர்த்துச் சுவர் எழுப்புவான். தீயையும் வெள்ளத்தையும் தாங்கும் வீட்டைக் கட்டுவதற்கு அடிப்படை, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதப்பட்ட உரிமையே.

அவ்வுரிமைக்குச் சட்டத்திலும் ஓர் அரண் இருந்தது. 1971ஆம் ஆண்டுக் குடிசைப் பகுதிகள் சட்டத்தின்படி ஒரு பகுதி குடிசைப் பகுதியென முறைப்படி அறிவிக்கப்பட்டால், அங்கே குடியிருப்போரை வெளியேற்ற நடவடிக்கை எடுப்பதற்கு உரிய அதிகாரியின் எழுத்து மூலமான முன் இசைவு தேவை. 1971இல் அந்த 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17 பகுதிகள் சேர்ந்தன. அதன்பின் பல்லாண்டுகள் சென்னையில் ஒரு பகுதிகூட அறிவிக்கப்படவில்லை. குடிசைகளோ பெருகிக்கொண்டே இருந்தன. அறிவிக்கப்படாத பகுதியில் வாழ்ந்தவன் சட்டத்தின் கண்ணுக்குக் குடிமகனாகத் தோன்றாமல் ஆக்கிரமிப்பாளனாகவே தோன்றினான். அதே 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் உச்சநீதிமன்றம், பிழைப்பை இழத்தல் உயிரை இழத்தலுக்கு ஒப்பாகும். ஆகவே வாழ்வுரிமையில் பிழைப்புரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. ஆயினும், உரிய அறிவிப்புத் தந்து அகற்றுவதை அத்தீர்ப்பு தடுக்கவில்லை.

நகருக்கு வெளியே, சதுப்பின் ஓரத்தில்

2000ஆம் ஆண்டு முதல் சென்னையின் போக்கு மாறியது. இருந்த இடத்தில் வீடு என்னும் கொள்கை பின்னுக்குச் சென்றது. நகருக்கு வெளியே பெருங்குடியிருப்பு என்னும் கொள்கை முன்னுக்கு வந்தது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்து, காலப்போக்கில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்டதாயிற்று. ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரியில் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. பின்னர்ப் பெரும்பாக்கத்தில் பல அடுக்குக் கட்டடங்கள் ஆயிரக்கணக்கான வீடுகளுடன் நிமிர்ந்தன. மூன்றும் நகரின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரும் அதற்கு மேலும் தொலைவில் உள்ளவை. மூன்றும் தென்சென்னையின் வெள்ள வடிகாலாக விளங்கிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சூழ்ந்த தாழ்வான பகுதியில் அமைந்தவை. அச்சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி குப்பை மேடாலும் சாலைகளாலும் கட்டடங்களாலும் விழுங்கப்பட்டது. 2022இல்தான் அது ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையை எவரும் மறவார். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாறு கரை புரண்டது. அவ்வாற்றின் குறுக்கே பாலம்போல் கட்டப்பட்ட விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதையும் நீரில் மூழ்கி, விமான நிலையம் சில நாள்கள் மூடப்பட்டது. மாளிகைவாசிகளும் அன்று மாடியில் நின்று படகுக்குக் காத்திருந்தனர். வெள்ளம் சாதி பார்க்கவில்லை என்று பலர் எழுதினர். வெள்ளம் பார்க்கவில்லை என்பது உண்மையே. வெள்ளத்திற்குப் பின் நிகழ்ந்தவை சாதி பார்த்தனவா இல்லையா என்பதே கேள்வி.

நீர் வடிந்தபின் நகரெங்கும் குப்பையும் சேறும் மலைபோல் குவிந்தன. அவற்றை அகற்ற மாநிலத்தின் பிற மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான துப்புரவுத் தொழிலாளர் அழைத்து வரப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். கையுறையும் காலணியும் இன்றி அழுகிய பொருள்களை அள்ளியவரின் படங்கள் செய்தித்தாள்களில் வந்தன. சில வாரங்களில் நகரம் மீண்டது. நகரம் தானே நிமிர்ந்துவிடவில்லை; அதை நிமிர்த்த முதுகுகள் வளைந்தன.

அடுத்து, அடையாற்றங்கரைக் குடும்பங்கள் வெள்ளப் பாதுகாப்பின் பெயரால் பெயர்க்கப்பட்டுப் பெரும்பாக்கம் முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டன. ஆற்றங்கரை ஆபத்தானது என்பதை நாம் மறுக்கவில்லை. அனுப்பப்பட்ட இடமோ? செம்மஞ்சேரிக் குடியிருப்பு அதே 2015 வெள்ளத்தில் நீர் சூழ்ந்து தவித்தது. பெரும்பாக்கத்திலும் தெருக்கள் நீரில் மூழ்கின. வெள்ளத்திற்கு அஞ்சிப் பெயர்க்கப்பட்டவரை வெள்ளம் தேங்கும் இடத்திலேயே குடியேற்றுவதை எந்த நகரமைப்பு நூல் ஏற்கும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் தென்சென்னையின் தாழ்வான பகுதிகள் பலவற்றில் நீர் நாள்கணக்கில் வடியவில்லை.

வீட்டுவேலை செய்த தாய்மார், சுமை தூக்கியோர், மீன் விற்றோர், கட்டட வேலையாளர் ஆகியோர்க்குத் தொழில் நகருக்குள் இருந்தது. வீடு நகருக்கு வெளியே சென்றது. விடியுமுன் பேருந்து ஏறி, இருட்டியபின் திரும்பும் வாழ்க்கை வாய்த்தது. பயணச் செலவு கூலியை விழுங்கியது. பலர் வேலையை இழந்தனர். கல்வியாண்டின் நடுவில் வீடு பெயர்க்கப்பட்ட பிள்ளைகள் பழைய பள்ளிக்குச் செல்லவும் இயலாமல், புதிய பள்ளியில் இடமும் கிட்டாமல் படிப்பை நிறுத்தினர். கல்விக் கழகம் நடத்தும் நமக்கு இதனினும் பெரிய இழப்பு வேறில்லை. ஒரு குடிசை இடிந்தால் ஆறு மாதத்தில் வேறொன்று கட்டலாம். ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோன ஒரு பெண்பிள்ளையின் கல்வியை எந்தப் புனரமைப்புத் திட்டம் திருப்பித் தரும்?

அறிக்கையில் வந்த சொல்

2014 டிசம்பரில், அமெரிக்க நாட்டின் ராக்பெல்லர் அறக்கட்டளை நடத்திய ‘மீள்திறன் மிக்க நூறு நகரங்கள்’ என்னும் திட்டத்தில் சென்னை இடம்பெற்றது. 2019இல் சென்னைக்கான மீள்திறன் அறிக்கை வெளியாயிற்று. நீர் மேலாண்மை, பேரிடர் ஆயத்தம், நகர நிருவாகம் ஆகியவற்றோடு, முறைசாராக் குடியிருப்புகளில் வாழும் நலிந்த மக்களின் நிலையையும் அது கருத்திற்கொண்டது. அவ்வாண்டுக் கோடையில் நகரின் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்ப்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் கொண்டுவரப்பட்டது. மீள்திறனின் தேவையை அதைவிடத் தெளிவாக எவராலும் உணர்த்தியிருக்க முடியாது. 2021இல் குடிசை மாற்று வாரியமும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. வாழ்விடம் என்பது நல்ல சொல். வாழ்வும் இடமும் பிரியாதிருந்தால்தான் அச்சொல்லுக்குப் பொருள் உண்டு.

மீள்திறன் என்னும் கருத்தை நாம் வெறுக்க வேண்டியதில்லை. பருவமழை தவறியும் மிகுந்தும் பெய்யும் இக்காலத்தில் அது இன்றியமையாதது. ஆயினும் அதனை அளக்கும் கோலை நாம் மாற்ற வேண்டும். இன்று, சாலை எத்தனை நாளில் திறந்தது, மின்சாரம் எத்தனை மணியில் வந்தது, அலுவலகங்கள் எப்போது இயங்கின என்று அளக்கின்றனர். நாம் அளக்க வேண்டுவன வேறு. மிகத் தாழ்ந்த பள்ளத்தில் வாழ்ந்த குடும்பம், வெள்ளத்திற்கு ஓராண்டுக்குப் பின் எங்கே வாழ்கிறது? அதன் வருவாய் முன்போல் உள்ளதா? அதன் பிள்ளைகள் அதே வகுப்பைத் தொடர்கின்றனரா? இம்மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால் மட்டுமே அந்நகரம் மீண்டது என ஒப்புக்கொள்ளலாம்.

எவ்வளவு அடித்தாலும் எழுந்துவிடுவார்கள் என்று நம் மக்களைப் புகழும் வழக்கம் ஒன்றும் உண்டு. அப்புகழில் மயங்கிவிடக் கூடாது. தாங்கும் ஆற்றல் உடையவர் என்று சொல்லியே மேலும் மேலும் சுமை ஏற்றப்படும் மாட்டின் நிலை நமக்கு வேண்டா. நம் பெற்றோர் தாங்கினர், உண்மை. ஒரு வீட்டில் உலை வைக்க இயலாதபோது அடுத்த வீட்டார் சோறிட்டனர். சீட்டுப் பிடித்தும் கைம்மாற்றுத் தந்தும் ஒருவரை ஒருவர் தூக்கி நிறுத்தினர். அந்த அண்டை அயல் உறவுதான் நகரத்தின் மெய்யான மீள்திறன். ஒரே தெருவினரைப் பல கட்டடங்களில் சிதறவைக்கும் குடியேற்றம் அந்த உறவையே முதலில் அறுக்கிறது.

இளைஞர் ஆற்ற வேண்டுவன

1894ஆம் ஆண்டில், அடையாற்றுக்கு அருகிலுள்ள ஊரூரில், கர்னல் ஆல்காட் ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்கென ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். இராயப்பேட்டையிலிருந்து 1907 முதல் இதழ் நடத்திய அயோத்திதாசப் பண்டிதரும் ஆல்காட்டுடன் இணைந்து செயற்பட்டவரே. பள்ளத்தில் வாழ்ந்த மக்களுக்கு மேடு கல்விதான் என்பதை அப்பெரியோர் அறிந்திருந்தனர். நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக நடந்து வந்ததும் அவ்வழியே.

இனி அக்கல்வியின் எல்லை விரிய வேண்டும். நம் பிள்ளைகள் மருத்துவம், பொறியியல், சட்டம் பயில்கின்றனர், மகிழ்ச்சி. நகரமைப்பும் பயில வேண்டும். நில அளவை, வரைபடம், நீரியல் ஆகியவற்றைக் கற்ற இளைஞர் ஒவ்வொரு பகுதியிலும் இருத்தல் வேண்டும். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் இயற்றப்பட்டது. ஒரு பெருந்திட்டத்தின் வரைவு வெளியிடப்படும்போது ஆட்சேபணையும் கருத்தும் தெரிவிக்க அச்சட்டம் பொதுமக்களுக்கு இடமளிக்கிறது. சென்னையின் இரண்டாம் பெருந்திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது. மூன்றாவது, 2027 முதல் 2046 வரையிலான காலத்திற்கெனத் திட்டமிடப்பட்டது. ஓர் இளைஞன் பிறந்து வளர்ந்து தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் காலம் வரை நிலத்தின் விதியை எழுதிவிடும் ஆவணம் அது. அதைப் படிக்காமல் இருப்பது நம் தலையெழுத்தைப் பிறர் எழுத விடுவதாகும்.

ஒவ்வொரு சேரிக்கும் ஒரு வரலாற்று ஏடு வேண்டும். எந்த ஆண்டில் குடியேறினோம், எந்த ஆண்டில் தெருக்குழாய் வந்தது, வெள்ளம் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் ஏறியது என்பவற்றை முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். குடும்ப அட்டை, வரி இரசீது, மின்கட்டண இரசீது, ஒதுக்கீட்டு ஆணை ஆகியவற்றின் படிகளைக் கழகத்தில் தொகுத்து வையுங்கள். நம் பகுதி அறிவிக்கப்பட்ட பகுதியா, எந்தப் புல எண்ணில் அடங்கியது என்பதை 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டுப் பெறுங்கள். இடிக்கும் எந்திரம் வாயிலில் வந்து நின்றபின் தாளைத் தேடுவதால் பயனில்லை.

தஞ்சைக் கல்வெட்டில் நம் குடியிருப்பைச் சுடுகாட்டோடு சேர்த்து எழுதியவர் வேறொருவர். கால்வாய்க்குப் பெயர் சூட்டியவர் வேறொருவர். வரைபடத்தில் நம்மை ஆக்கிரமிப்பு என்று குறித்தவரும் வேறொருவரே. அடுத்த வரைபடம் தீட்டப்படும் மேசையில், கையில் அளவுகோலும் நெஞ்சில் இவ்வரலாறும் கொண்டு நம் பிள்ளைகள் அமர்தல் வேண்டும். அதற்கு அவர்களை ஆயத்தம் செய்வதே இக்கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியாகட்டும்.